டிசம்பரில் வேண்டாம், ஜூலையில் வாருங்கள்

செமாராங்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலம். அங்கு மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

டிசம்பர் விடுமுறையில் ஜாவாவுக்கு வந்தால் குழந்தைகளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். வந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நேற்று உன் தம்பியின் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் ஓர் இடத்தில் இருந்துவிட்டு வந்தோம். அதைப் பற்றித் தொலைபேசியில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

செமாராங்கிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் ஏறினால், 2,050 மீட்டர் உயரமுள்ள உங்காரான் மலையின் சரிவில், லிம்பாங்கான் என்ற பகுதியில் ‘கம்போங் ஜோவோ செக்காதுல்’ இருக்கிறது. கம்போங் என்றால் கிராமம். ஜாவா என்ற பெயரை அந்த மக்கள் தங்கள் நாவில் ‘ஜோவோ’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை இன்றும் 1972-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய முறையில், ‘ஜ’ ஒலிக்கு ஆங்கில எழுத்துகளான d, j இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள் என்று உன் தம்பி சொன்னான். நம் பழைய புத்தகங்களில் தும்பிக்கை போட்ட ‘லை’யைப் பார்க்கும்போது மனத்தில் தோன்றும் நெருக்கம் எனக்கு அங்கே தோன்றியது. பாவென் ஊரருகே ‘டூசூன் செமிலிர்’ என்று இதைவிடப் பெயர்பெற்ற பூங்கா ஒன்று உண்டு. பெரிய தூபி வடிவக் கட்டடங்களும் சறுக்குகளும் உள்ள அந்த இடம் உன் மகனுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் செக்காதுலையே சொல்வேன்.

சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு கிராமத்தைப் பார்க்கப் போவதில் முதலில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வயலும் மாடும் கிணறுமாக வளர்ந்தவன் நான். அவற்றைக் காட்சிப் பொருளாக்கி வைத்திருப்பார்களோ என்ற கவலையோடுதான் உள்ளே போனேன். ஜோக்லோ வீட்டின் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததும் அந்தக் கவலை பாதி குறைந்துவிட்டது. ஜோக்லோ என்பது ஜாவாவின் பழைய பெரிய வீடு. நடுவில் நான்கு தேக்குத் தூண்கள் நின்று கூரையின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. அவற்றுக்கு ‘சோகோ குரு’ என்று பெயர். சோகோ என்றால் தூண், குரு என்ற சொல்லை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூண்களின் தலைக்கு மேல் உத்தரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, தலைகீழாய்க் கவிழ்த்த படிக்கட்டுபோல அடுக்கியிருக்கிறார்கள். தூண்களை மண்ணில் புதைக்காமல் கல் பீடத்தின்மேல் நிறுத்தி, ஆணி அடிக்காமல் துளையும் முளையுமாகப் பொருத்திவிடுவதால், நிலநடுக்கம் வரும்போது வீடு முறியாமல் சற்று ஆடிக் கொடுக்கிறது; வேண்டுமானால் முழு வீட்டையும் பிரித்து வேறு ஊருக்கு எடுத்துச் சென்று நிறுத்தவும் முடிகிறது. கட்டடப் பொறியியல் படித்த நீ அந்தத் தூணடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வயலில் குழந்தையை நாற்று நட விட்டார்கள். முழங்கால் வரை சேற்றில் இறங்கியவள் முதலில் அழுதாள், பிறகு கரையேற மறுத்துவிட்டாள். ஜாவா மொழியில் நடவுக்கு ‘தாண்டூர்’ என்று பெயர். பின்னால் நகர்ந்துகொண்டே ஒழுங்காக வைப்பது என்று அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். நம் ஊரிலும் பெண்கள் அப்படிப் பின்னோக்கி நகர்ந்துதான் நடுவார்கள் என்று நான் சொன்னபோது, அதை உன் தம்பி மொழிபெயர்க்க, அங்கிருந்த விவசாயி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மதியம் வாழையிலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குச்சி குத்திய தொன்னையில், கச்சோலக் கிழங்கு மணக்கும் வேர்க்கடலைச் சாந்து ஊற்றிய கீரைச் சோறு கிடைத்தது. ‘புத்து’ என்று அவர்கள் விற்கும் பண்டம் நம் குழாய்ப் புட்டேதான். சின்ன மூங்கில் குழாயில் அரிசி மாவும் நடுவில் பனைவெல்லமும் வைத்து அவிக்கிறார்கள், ஆவி ஒரு துளை வழியே விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது. வெல்லம் உள்ளே உருகிக் கொதிக்கும், குழந்தைகளுக்கு ஆறவைத்துக் கொடு.

இவ்வளவும் நல்லவைதான், ஆனால் நான் உன்னை வரச் சொல்லி எழுதுவதற்குக் காரணம் வேறு. சாப்பிட்ட பிறகு திண்ணையில் ஓர் அம்மாள் மரப்பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்துக்கு ஏழு குழி, பார்த்ததும் அம்மா, “பல்லாங்குழி!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். அங்கே அதற்கு ‘டாகோன்’ என்று பெயர். நம் பலகையில் இல்லாத ஒன்று அதில் உண்டு: இரு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று இருக்கிறது, அதை ‘லும்புங்’, அதாவது நெற்குதிர் என்கிறார்கள். குழிக்கு ஏழாக 98 விதைகள். நாம் புளியங்கொட்டையோ சோழியோ போடுவதுபோல, அவர்கள் சாவோ என்ற மரத்தின் வழவழப்பான கறுப்பு விதைகளைப் போடுகிறார்கள். பல கைகள் பட்டுப் பட்டு அவை எண்ணெய் தடவியதுபோல மின்னின.

எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் கையில் இருந்தது. கடைசி விதை விழுந்ததும் அடுத்த குழியை எடுக்கப் போனேன். அந்த அம்மாள் தலையசைத்து, “ம்போத்தென்” என்றார். விதை விழுந்த அதே குழியைத்தான் எடுக்க வேண்டுமாம். சிறிது நேரத்தில் குழந்தையும் அதே தவற்றைச் செய்தாள். அவளிடம் அவர், “ஓரா” என்றார். இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதுதான் பொருள் என்றும், பெரியவரிடம் ஒரு சொல்லையும் சிறியவரிடம் வேறொரு சொல்லையும் ஆள்வது ஜாவா மொழியின் மரபு என்றும் உன் தம்பி விளக்கினான். நாம் ‘நீ’ என்பதை ‘நீங்கள்’ ஆக்கி, வினையின் முடிவை மாற்றுவதோடு நின்றுவிடுகிறோம். அவர்கள் ‘இல்லை’ என்ற சொல்லையே மாற்றுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தை அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னிடம் “ம்போத்தென்” என்றும் தன் பொம்மையிடம் “ஓரா” என்றும் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த வகுப்பில் உட்கார வைத்து இதைக் கற்பித்திருக்க முடியும்? உன் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் உட்கார வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அம்மாவோ, ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் நம் முறையைச் சைகையிலேயே அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இருவரும் எழுந்திருக்க மாலை நான்கு மணி ஆயிற்று.

இனி, வரும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். டிசம்பர் இங்கே நடு மழைக்காலம். பிற்பகலில் பெய்யத் தொடங்கினால் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது கடினம், வயலில் இறங்கவும் முடியாது. ஜூலையில் வானம் தெளிவாக இருக்கும், மெல்பர்னில் அப்போது குளிர்கால விடுமுறையும் உண்டு. இங்கும் அதே சமயம் பள்ளி விடுமுறை வருவதால் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போகலாம். காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வயல் வேலையை முடித்துக்கொள்ளலாம். ஆளுக்கு இரண்டு மாற்றுடை எடுத்துவை. குளிருக்கு ஒரு மெல்லிய சட்டையும் வேண்டும். மறுநாள் அதே மலையில் உள்ள கெடோங் சோங்கோ சிவன் கோயில்களுக்குப் போகலாம் என்று அம்மா இப்போதே திட்டம் போட்டுவிட்டாள். அவை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை.

பாட்டியின் பல்லாங்குழிப் பலகை உன்னிடம்தானே இருக்கிறது? வரும்போது மறக்காமல் எடுத்து வா, அந்த அம்மாளிடம் அதைக் காட்டுவதாக அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பலகை மட்டும் போதும். திரும்பிப் போகும்போது ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விதைகளைப் பார்த்தால் விடமாட்டார்கள், மரப்பலகையையும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். ஆகையால் புளியங்கொட்டைகளை வீட்டிலேயே வைத்துவிடு. சோழிகளை நான் இங்கே வாங்கி வைக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் விடுப்பு கேட்டுவிட்டு, எந்த வாரம் என்று எழுது.

அன்புடன்,
அப்பா