டர்போவை இன்னும் கழற்றாதே

குணா,

மூன்று வாரமாக உனக்குப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவின் முழங்கால் தேவலையா? மணியண்ணன் பழைய கணக்கை இன்னும் மறக்கவில்லையாமே. நம் பாடு அவ்வளவுதான்.

நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். சிக்னலில் நின்று கிளம்பும்போது நீலப் புகை. ஒர்க்‌ஷாப்பில் “டர்போ போச்சு” என்றார்கள், நீயும் தலையாட்டிவிட்டாய். ஏன்டா இந்த அவசரம்?

எக்சாஸ்ட் வாயுவில் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அமுக்கும் டர்போவின் தண்டு முனையில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, மெல்லிய உலோக வளையம். எண்ணெய் ஒழுங்காகக் கீழே வடியும் வரைதான் அதன் ஜம்பம். வடியும் குழாய்க்குப் பம்ப் கிடையாது. தானாகத்தான் சம்ப்புக்கு, அதாவது இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்கு, இறங்க வேண்டும். பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் எண்ணெய் தேங்கி, வளையத்தைத் தாண்டி எக்சாஸ்ட்டில் கருகும். அழுத்தத்தைச் சரி செய்யாமல் புது டர்போ போட்டாலும் இதே புகைதான்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வாயு கசிவது எல்லா இன்ஜினிலும் உண்டு. ஐடிலில், கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அதை உறிஞ்சிக்கொள்ளும். பூஸ்ட், அதாவது டர்போ அமுக்கும் காற்றின் அழுத்தம், ஏறியதும் செக் வால்வு அந்த வழியை மூடி, வேறொரு ஹோஸ் வழியாக டர்போவின் காற்று வாய்க்குப் போக வேண்டும். மூடாவிட்டால் என்ன ஆகும்? 1 பார் பூஸ்ட் என்பது 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். கிராங்க்கேஸுக்குப் பழக்கமானதோ சில சென்டிமீட்டர் தண்ணீர்தான்.

முதலில் டிப்ஸ்டிக்கைப் பார். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் அதுவே புகைக்குப் போதும். பிறகு ஐடிலில் எண்ணெய் மூடியைத் திற. மூடி வர மறுத்து, விசில் சத்தமும் கேட்டால் பிசிவியின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும். சில இன்ஜின்களில் அது வால்வு கவரோடுதான் வரும், பர்ஸைத் தயாராக வை. மூடி லேசாக வந்தால் எண்ணெய் ஊற்றும் அந்த வாயில் ரப்பர் கையுறையை மாட்டிப் பார்: உள்ளே ஒட்டினால் நல்லது, ஊதிப் பெருத்தால் அழுத்தம்.

அளவு தெரிய வேண்டுமா? கண்ணாடிபோன்ற ஹோஸ் 2 மீட்டர் வாங்கி யு மாதிரி வளைத்து அட்டையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் செருகு. இரு பக்க மட்டத்துக்கும் 1 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 மில்லிபார். நடுவில் ஒரு காலி பாட்டில் இருக்கட்டும், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடக் கூடாது. இதையெல்லாம் புளோக் கார் பார்க்கில் செய்யாதே. நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டால் இங்கே சிங்கப்பூரில் அபராதம்.

செக் வால்வைக் கழற்றி, சுத்தமான குழாய் வைத்து ஊதினால் ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். டர்போவின் வடிகால் குழாயையும் பார்க்கச் சொல். நேர்க்கீழ் கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, கேஸ்கெட்டில் பூசிய சிலிக்கான் பிதுங்கி வாயை அடைத்திருக்கக் கூடாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒரு குப்பென்ற புகை வருகிறதா? அது வால்வு ஸ்டெம் சீல், வேறு கதை.

உன் கேட்ச் கேன் (கிராங்க்கேஸ் வாயுவிலுள்ள எண்ணெயைப் பிடிக்கும் டப்பா) ஆசைக்கு வருகிறேன். உள்ளே வலையோ தடுப்போ இல்லாத கேன் வெறும் டப்பா. பழைய ஹோஸைவிடக் குறுகிய ஹோஸ் போட்டால் அழுத்தத்தை நீயே விலைக்கு வாங்குகிறாய். காற்றில் திறந்தும் விடாதே: வண்டிக்குள் நாறும், சோதனையிலும் மாட்டுவாய். வீடு, எம்ஆர்டி ரயில் நிலையம் என்று குட்டித் தூரமே ஓட்டும் உன் கேனில் தே தாரிக் பால் தேநீர் நிறத்தில் ஒரு குழம்பு சேரும். தண்ணீரும் எண்ணெயும்தான், பயப்படாதே, 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கொட்டிவிடு.

ஒன்று மட்டும் நிஜமாகவே கவலை. வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமச் சான்றான சிஓஇ முடிய உனக்கு ஒன்றரை வருஷம்தான். பிசிவி சரியாக இருந்தும் கையுறை ஊதினால் சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவை அளக்கும் லீக்டவுன் டெஸ்ட் கேள். ஏதாவது ஒரு சிலிண்டரில் 20 சதவீதத்துக்கு மேல் கசிந்து, எண்ணெய் மூடிப் பக்கம் உஸ்ஸென்று கேட்டால் ரிங் தேய்ந்துவிட்டது. அப்போது டர்போவுக்கும் கேனுக்கும் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதே, சிஓஇயைப் புதுப்பிக்கலாமா என்ற பேச்சையும் எடுக்காதே.

ஞாயிறு காலை காக்கி புக்கிட் வா. ஹோஸ் என்னிடம் இருக்கிறது, கையுறை நீ கொண்டு வா.

செல்வம்