ஓணம் பம்பரும் உங்கப்பாவும்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அம்மிணியும் நலமா? போனில் கேட்டால் "ம்", "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பெரிய செய்தி உங்கப்பாதான். தேங்காய் வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவர், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் ஓணம் பம்பர் லாட்டரிச் சீட்டு வாங்கி வந்துவிட்டார். ஒரு சீட்டு 500 ரூபாய். என்னுடைய பால் காசு டப்பாவிலிருந்து, கேட்காமல் எடுத்தது. 2023இல் திருப்பூர்ப் பக்கம் நாலு பேர் சேர்ந்து வாங்கின சீட்டுக்குத்தான் 25 கோடி விழுந்ததாம், நமக்கு ஏன் விழாது என்கிறார். அப்புறம் 1968இல் அண்ணா பரிசுச்சீட்டு கொண்டுவந்தபோது சொன்னதை ஆரம்பித்தார்: "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு." நம் ஊரில்தான் 2003லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்களே, விழாவிட்டால் இது கேரள நாட்டுக்குத்தானே போகும் என்றேன். பதில் இல்லை.

ராத்திரி பால் கணக்கு நோட்டில் பங்கு போட உட்கார்ந்தார். 25 கோடியில் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், இரண்டரைக் கோடி போயிற்று. மீதியில் 30 சதவீதம் வரி, ஆறே முக்கால் கோடி. கைக்கு வருவது பதினைந்தே முக்கால், அதிலும் சர்சார்ஜ், செஸ் என்று கூடுதல் வரி தனியாகக் கட்ட வேண்டுமாம். அதுவரை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டுதான் இருந்தேன். "அக்காவுக்கு ஒரு கோடி" என்றார் பார், அங்கேதான் வந்தது வினை. உன் கல்யாணப் பந்தியில் உங்க பெரியத்தை என்ன பேசினாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து குலுக்கல் வரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அவருக்குக் கட்டில் வாசலில். 2022இல் பம்பர் விழுந்த திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர், உதவி கேட்டு வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் வீட்டுப் பக்கமே போக முடியவில்லை என்று புலம்பினார். அவருக்காவது பணம் வந்தது. நாங்கள் வராத பணத்துக்குச் சண்டை போட்டோம். 500 ரூபாய்கூடத் திரும்பவில்லை.

குலுக்கல் முடிந்த மறுநாள் அடுப்படிக்கு வந்து, "உப்பு எங்க இருக்கு?" என்றார். அவருக்குத் தெரியாதா? "வெச்ச இடத்துலதான் இருக்கு" என்றேன். அவ்வளவுதான், கட்டில் உள்ளே வந்துவிட்டது. பெரிய மன்னிப்பெல்லாம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆடிக்குப் போன அம்மிணி, புரட்டாசி பிறந்தும் உடுமலையில்தான் இருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. மாரியம்மன் கோவிலில் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வந்தோம். போன வருஷம் மழை, இந்த வருஷம் மழை, எவ்வளவு நேரம்தான் பேசுவது? அம்மிணியின் சம்பளக் கணக்கு பற்றி ஏதோ காதில் விழுந்தது. ஷேரில் போட்டாயோ, என்ன செய்தாயோ, கேட்காமல் எடுத்திருந்தால் திருப்பி வைத்துவிடு. தவணை தவறாமல் வீட்டுக் கடன் கட்டுகிறவன் என்று ஊரெல்லாம் உன்னைப் பெருமையாகச் சொல்கிறேன், இதற்கு மட்டும் என்ன கேடு? அவளுக்குப் போன் பண்ணு. அவள் முதலில் பேசட்டும் என்று இருக்காதே. நேரில் போனால் இன்னும் நல்லது. இல்லையென்றால் போனாவது பண்ணு.

செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய் இரண்டு கேன் எடுத்து வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு, அவள் பங்கை உடுமலையில் நீயே கொடு.

பூஜா பம்பர் வந்துவிட்டதாம், 300 ரூபாய், 12 கோடி. உங்கப்பா மறுபடியும் தேங்காய் வியாபாரியைப் பார்க்க வேண்டும் என்கிறார். டப்பாவை இடம் மாற்றிவிட்டேன்.

அம்மா