மீனுக்கு எத்தனை பெயர்

சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, வேலைப் பளு என்று ஏதாவது காரணம் சொல்லலாம். உண்மையில் மீன்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "மீன் பெயர்ப் பட்டியல்தானே, வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பினால் போதாதா? எதற்கு ஆன்டாலஜி என்று ஒரு பூதம்?" எனக் கேட்டிருந்தாய். ஆன்டாலஜி என்றால், பொருள்களையும் அவற்றின் பெயர்களையும் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் முறை. அதை வைத்துத்தான் மீன் பெயர்களுக்கு ஒரு வலைத்தளம் கட்டுகிறேன்.

தேக்கா சந்தைக்கு ஒரு காலை வந்து பார். நான் வஞ்சிரம் என்று கேட்பேன், பக்கத்தில் நிற்கும் மலாய் அம்மா தெங்கிரி என்பார், கடைக்காரரின் அட்டையில் பாத்தாங் என்று எழுதியிருக்கும். மூவரின் விரலும் ஒரே மீனைத்தான் காட்டும். வேர்டில் எழுதினால் அது மூன்று வரி. ஆன்டாலஜியில் ஒரு மீன்தான். அதற்கு ஒரு நிரந்தர எண், அந்த எண்ணில் மொழிக்குறியோடு தொங்கும் பெயர்கள். ஆன்டாலஜிக் கோப்பை டர்ட்டில் (ஆங்கிலத்தில் ஆமை) என்ற எழுத்து வடிவத்தில் எழுதுகிறேன். அப்பா மீன்களை ஆமையில் எழுதுகிறார் என்று மகள் கேலி செய்கிறாள்.

அந்தக் கோப்பை ஒரு சிறிய பைதான் நிரல் படித்து, வலைத்தளம் கட்டும் ஹியூகோ என்ற கருவியிடம் கொடுக்கிறது. ஹியூகோ மீனுக்கு ஒரு பக்கம் வீதம் வெறும் எச்டிஎம்எல் வலைப்பக்கமாக உருவாக்கித் தள்ளிவிடுகிறது. பின்னால் தரவுத்தளம் எதுவும் ஓட வேண்டியதில்லை. ஆன்டாலஜியை வலைப்பக்கமாக மாற்றுவதற்கென்றே விடோக்கோ, லோட் போன்ற கருவிகள் உண்டு. விடோக்கோவை ஓடவிட்டும் பார்த்தேன். ஆன்டாலஜி எழுதுகிறவர்களுக்கு அருமையான ஆவணம். பையோடு சந்தைக்குக் கிளம்பும் என் அத்தைக்கு ஆகாது.

முதன்முறை தளத்தைக் கட்டிப் பார்த்தபோது ஒரு பக்கத்தின் தலைப்பில் ஒரே மீனின் இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டு "வவ்வால்வாவல்" என்று வந்திருந்தது. நிரலில் பிழை என்று இரண்டு இரவு தேடினேன். நிரல் ஒரு பாவமும் செய்யவில்லை. பெயர்களைப் பதிய நான் பயன்படுத்தும் ஸ்கோஸ் என்ற பொதுச் சொல்தொகுதியின் விதிப்படி ஒரு பொருளுக்கு ஒரு மொழியில் ஒரே ஒரு முதன்மைப் பெயர்தான் இருக்கலாம். மற்றவை மாற்றுப் பெயர்கள். நானோ இரண்டையும் முதன்மை என்று எழுதியிருந்தேன். எதை இறக்குவது என்று முடிவெடுக்கத் தயங்கியதன் பலன். வாவல் என்றால் அத்தைக்குப் புரிகிறது, வவ்வால் என்றால் மகள் இறக்கையைத் தேடுகிறாள். மலாய்க்காரர்கள் பாவால் என்பதையும் சேர்த்து யோசித்து, வாவலையே முதன்மையாக்கினேன். உனக்குக் கோபம் வரும், தெரியும். இனி இப்படி நடந்தால் தளம் கட்டும் முன்பே சொல்லிவிட தரவைச் சரிபார்க்கும் ஷேக்கிள் மொழியில் விதி ஒன்றும் எழுதிவைத்துவிட்டேன்.

அடுத்தது அகரவரிசை. பட்டியலில் கானாங்கெளுத்தி முதலிலும், அடுத்து காரலும், பிறகு காலாவும் நின்றன. நம் தமிழாசிரியர் பார்த்திருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. கணினி அந்த எண்ணைப் பார்த்து அடுக்குகிறது. நமக்கோ அது கடைசி எழுத்து. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான்: கத்திக்குப் பின்னால் வர வேண்டிய கதையைக் கணினி முன்னால் கொண்டுபோய் வைக்கும். தமிழ் வரிசை தெரிந்த ஐசியு என்ற நிரல் நூலகத்தை பைதானில் சேர்த்த பிறகுதான் காரல், காலா, கானாங்கெளுத்தி என்று ஒழுங்காக நின்றன.

பக்க முகவரியில் தமிழ்ப் பெயரையே வைக்கலாம் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். வஞ்சிரம் பக்கத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டியபோது அந்தச் சொல் மட்டும் சதவீதக் குறிகளோடு 72 எழுத்தாக நீண்டது. யூனிகோடில் அது 8 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் 3 எழுத்து. கணக்குச் சரிதான், கண்தான் கூசுகிறது. இப்போது முகவரியில் எண் மட்டும். நாளைக்கு நீ வந்து சண்டை போட்டு வவ்வாலை மறுபடி அரியணை ஏற்றினாலும் முகவரி மாறாது.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்குத் தேர்வு நெருங்குகிறது. அத்தை உன்னை விசாரித்தார். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று?

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. விளக்கம் எழுதாத மீனின் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "விளக்கம் இல்லை" என்று காட்டும்படி செய்திருக்கிறேன். கடைசியாக எஞ்சியிருப்பது காரல். எத்தனை முறை எழுதினாலும் "சிறிய வெள்ளி நிற மீன்" என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. அப்படிச் சொன்னால் நெத்திலியும் சண்டைக்கு வரும். கடற்கரையில் வளர்ந்தவன் நீ. இரண்டு வரி எழுதி அனுப்பு. குழம்பு வைக்கும் முறையை அதில் சேர்க்காதே, அதை எனக்குத் தனியாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்