சார் மிஷின் எழுந்துவிட்டது

அன்புள்ள குமார்,

நலம். நீயும் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சார் வீட்டு கம்ப்யூட்டர் போய்விட்டது. நீ அசெம்பிள் செய்து கொடுத்த அதே மிஷின்தான். "ஃபேன் ஓடுது, லைட் எரியுது, திரையில ஒண்ணும் வரல" என்று டீச்சர் போன் செய்தார். போய்ப் பிரித்துப் பார்த்தால் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொண்டு நிற்கின்றன. ஹார்ட் டிஸ்க் மட்டும் உயிரோடு இருந்தது.

புதிதாக டெபியன் லினக்ஸ் போட்டுவிட்டு ஃபைல்களை மட்டும் காப்பி செய்ய வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நாகுவும் அதையேதான் சொன்னான். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் வச்ச மாதிரியே இருக்கணும்" என்றார். யோசித்தால் அவர் சொல்வதுதான் சரி. சாரின் கல்வெட்டுக் குறிப்புகள் பாதி, யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியீட்டு முறையில், பாதி யூனிகோடில். எது எந்த ஃபோல்டரில், எதற்கு எந்த எழுத்துரு என்பதெல்லாம் அந்த டெஸ்க்டாப்பைப் பார்த்தால்தான் டீச்சருக்கு நினைவுக்கு வருகிறது. அதனால் டிஸ்க்கை அப்படியே கழற்றி, புது போர்டு வாங்கி மாட்டினேன்.

மாட்டுவதற்கு முன்பே டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் மீட்புக் கருவியை வைத்து முழு டிஸ்க்கையும் வெளி டிஸ்க் ஒன்றில் இமேஜாக, அதாவது அச்சு அசல் பிரதியாக, எடுத்துக்கொண்டேன். அது எடுத்து முடியும் வரை யாரையும் கிட்டே விடவில்லை.

ஆன் செய்தால் லினக்ஸைக் கிளப்பிவிடும் கிரப்பின் மெனு வரவில்லை, லினக்ஸின் மையமான கர்னலின் பிழைச் செய்தி வரவில்லை, நேராக போர்டின் செட்டிங்ஸ் பக்கத்தில் போய் நின்றது. அந்தப் போர்டுக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே பொருட்டாகத் தெரியவில்லை. உடனே நீ போனில் என்ன சொன்னாய்? "சிஎஸ்எம் ஆன் பண்ணுடா, அவ்வளவுதான்." புது போர்டைப் பழைய பயாஸ் மாதிரி நடிக்க வைக்கும் அந்த சிஎஸ்எம் மெனுவே இதில் கிடையாது, அறிவாளி. மிஷினை எழுப்பும் பழைய பயாஸ் முறையை 2020க்குள் எடுத்துவிடப் போவதாக இன்டெல் 2017லேயே அறிவித்துவிட்டது. நீயும் நானும்தான் இன்னும் அந்தக் காலத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

நாம் படித்த காலத்தில் கணக்கு எளிது. டிஸ்க்கின் முதல் செக்டாரில் 512 பைட். அதில் முதல் 446 பைட்டுக்குள் பூட் கோடு, அடுத்த 64 பைட்டில் டிஸ்க்கை எப்படிப் பங்கு போட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி இரண்டு பைட் அடையாளம். பயாஸ் அதைப் படித்து அப்படியே ஓடவிடும், வேறு எதுவும் கேட்காது. டிஸ்க்கை எந்த மிஷினில் மாட்டினாலும் கிரப் எழுந்துவிடும். இப்போது பயாஸின் இடத்துக்கு வந்திருக்கும் யூஇஎஃப்ஐ, ரேஷன் கடைக்காரர் மாதிரி, முதலில் தன் பதிவில் பேர் இருக்கிறதா என்று பார்க்கிறது. எந்த டிஸ்க்கில் எந்த ஃபைலை எடுத்து பூட் செய்வது என்ற குறிப்பு போர்டின் மெமரியில்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றினால் அந்தக் குறிப்பு கூடவே வராது. குறிப்பு இல்லாவிட்டால் ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பார்ட்டிஷனில் ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். சார் டிஸ்க்கிலோ ஃபேட் பார்ட்டிஷன் என்பதே இல்லை. மேலே சொன்ன அந்த முதல் செக்டார் கணக்கில், அதாவது பழைய எம்பிஆர் முறையில், நீ போட்டது அல்லவா!

ஒரு ஃபேட் பார்ட்டிஷனுக்கு இடம் எங்கே தேடுவது? சிஸ்டம் முழுக்க உட்கார்ந்திருக்கும் ரூட் பார்ட்டிஷனைச் சுருக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான், ராம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் கண்ணில் பட்டது. ஸ்வாப்பை அழித்தால் யாருக்கும் எதுவும் போகாது. டெபியனின் வழக்கப்படி அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் எஸ்டிஏ5 ஆக உட்கார்ந்திருந்தது. உள்ளே இருப்பதை எல்லா போர்டும் எட்டிப் பார்க்காது என்பதால் எஸ்டிஏ2, எஸ்டிஏ5 இரண்டையும் நீக்கிவிட்டு, அதே இடத்தில் ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போட்டு, வகையை ஈஎஃப் என்று மாற்றி, ஃபேட்32 ஃபார்மட் செய்தேன். லைவ் பென் டிரைவில் பூட் செய்து, ரூட்டை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழையும் க்ரூட் கட்டளை போட்டு உள்ளே போனால் சாரின் டெபியன்! பழைய கிரப்-பிசி பேக்கேஜை எடுத்துவிட்டு கிரப்-ஈஎஃப்ஐ போட்டேன். வழக்கமான இடத்தில் ஒரு பிரதி, போர்டு தானாகத் தேடும் அந்த பூட்எக்ஸ்64 இடத்தில் இன்னொரு பிரதி. நாளைக்கு இந்த போர்டும் போனால் அடுத்தவன் என்னைத் திட்டக்கூடாது.

ரீபூட் செய்ததும் கிரப் மெனு வந்தது. நாகு கை தட்டினான். நான் தட்டவில்லை, ஏனென்றால் ஸ்வாப்பின் பழைய அடையாள எண்ணான யூயூஐடி எங்கெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதலில், பூட் ஆகும்போது ராமில் ஏறும் குட்டி சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ், ஹைபர்னேட்டிலிருந்து எழுப்ப அந்த ஸ்வாப்பைத் தேடிக்கொண்டு நின்றது. அது சலித்து விட்டதும், மற்றதையெல்லாம் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதே ஸ்வாப்புக்காக ஒன்றரை நிமிடம் எண்ணியது. அதுவும் முடிந்து, எமர்ஜென்சி மோட்!

அது யார் வேலை தெரியுமா? உன் வேலை. பூட் ஆகும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்ஸ்டேபில் எஸ்டிபி1 என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாய், யூயூஐடி கிடையாது, இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லும் நோஃபெய்ல் கிடையாது. அந்தப் பழைய 80 ஜிபி ஐடிஇ டிஸ்க், உன் பாட்டுக் களஞ்சியம். புது போர்டில் ஐடிஇ சாக்கெட்டே இல்லை. அந்த டிஸ்க்கைக் காணோம் என்பதற்காக சிஸ்டம்டி மொத்த மிஷினையும் நிறுத்தி வைத்துவிட்டு ரூட் பாஸ்வேர்டு கேட்கிறது.

பென் டிரைவில் மறுபடி பூட் செய்து அந்த வரியைத் திருத்தலாம் என்று எழுந்தேன். காபியோடு வந்த டீச்சர், "என்ன கேக்குது?" என்றார். பாஸ்வேர்டு என்றேன். சட்டென்று சொன்னார். சார் டைப் செய்யும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் டைப் செய்வாராம். டேய், அது உன் பட்டப்பெயர். கடைசியில் ஒரு 1. எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் எல்லாம் சில்லறை வேலைதான். எஃப்ஸ்டேபில் உன் வரியையும் ஸ்வாப் வரியையும் எடுத்துவிட்டு, புது ஃபேட் பார்ட்டிஷனுக்கு ஒரு வரி சேர்த்தேன். ஸ்வாப்புக்குப் பதில் ரூட்டிலேயே ஒரு ஸ்வாப் ஃபைல். ரெஸ்யூம் அமைப்பை நீக்கி இனிட்ராம்எஃப்எஸ்ஸை அப்டேட் செய்தேன். பழைய கிராஃபிக்ஸ் கார்டுக்காக எழுதியிருந்த எக்ஸ்ஆர்க் கான்ஃப் என்ற திரை அமைப்பு ஃபைலை ஓரம் கட்டியதும் டெஸ்க்டாப் வந்தது. நெட்வொர்க் கார்டின் பேர் என்பி2எஸ்0 என்று இருந்தது என்பி3எஸ்0 ஆகிவிட்டதால் நெட் இல்லை, அதையும் மாற்றினேன்.

இத்தனையிலும் கர்னல் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை என்பதைக் கவனி. போர்டு, பிராசசர், டிஸ்க் கண்ட்ரோலர் எல்லாம் வேறு. டெபியனின் இனிட்ராம்எஃப்எஸ் பெரும்பாலான டிரைவர்களைக் கையோடு வைத்துக்கொண்டே கிளம்புகிறது, எது தேவையோ அதை எடுத்துக்கொள்கிறது. 1991 ஆகஸ்டில் லினக்ஸைப் பற்றி அதை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் எழுதிய முதல் அறிவிப்பில், ஏடி ஹார்ட் டிஸ்க் தவிர வேறு எதற்கும் இது அநேகமாக ஆதரவு தராது என்று சொல்லியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? மனுஷன் தன் பிள்ளையைப் பற்றி எவ்வளவு குறைவாக நினைத்திருக்கிறார் பார்!

சரி, கவலைக்கு வருகிறேன். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ரீஅலோகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்டவற்றின், எண்ணிக்கை பூஜ்யம் இல்லை, பார்க்கப் பார்க்க ஏறுகிறது. போர்டை மாற்றிவிட்டோம் என்று டீச்சர் நிம்மதியாக இருக்கிறார், ஆனால் அடுத்து போகப்போவது டிஸ்க்தான். அந்தக் குறிப்புகளில் பல ஊர்க் கல்வெட்டுகள் சார் நேரில் போய்ப் படித்தவை, வேறெங்கும் பதிவாகவில்லை. இமேஜ் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் பிரதியை நான் பிரதியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு டெரா டிஸ்க் வாங்கி வை. அடுத்த வாரம் நாகு உன் ஊர்ப்பக்கம் வருகிறான், அவனிடம் இமேஜைக் கொடுத்தனுப்புகிறேன். திஸ்கி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் உன் வேலை. மூலத்தை மட்டும் தொடாதே, பக்கத்தில் புதிதாகச் செய்.

இன்னொன்று. உன் லேப்டாப் எஸ்எஸ்டியை மகனின் புது லேப்டாப்புக்கு மாற்றப் போவதாகச் சொன்னாயே, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த பூட்எக்ஸ்64 பிரதியைப் போட்டு வைத்துவிடு. புது லேப்டாப்பில் ஸ்டோரேஜ் மோட் இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் லினக்ஸுக்கு எஸ்எஸ்டி கண்ணிலேயே படாமல் போகலாம், வழக்கமான ஏஎச்சிஐ மோடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் அதில் வந்திருக்கும் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், மாற்றிய கையோடு அது பூட் ஆகாமல் படுத்துக்கொள்ளும். அதனால் கை வைப்பதற்கு முன் மகனிடம் கேட்டுக்கொள்.

அன்புடன்,
சேகர்