மலைக்கு வரும் ஓட்டுநர்கள் இரவில் எங்கே உறங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்குவதையொட்டி உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலை நகரங்களில் செய்யப்படும் ஏற்பாடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. மலர்க் கண்காட்சி, இ-பாஸ், ஒருவழிப் பாதை, வாகன நிறுத்துமிடம் எனப் பலவும் பேசப்படும் அச்செய்திகளில், அந்த வாகனங்களை ஓட்டி வருகிறவர்கள் இரவில் எங்கே படுக்கிறார்கள் என்ற ஒன்று மட்டும் இடம்பெறுவதில்லை. மதுரையில் சுற்றுலா வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நான், என்னைப் போன்றவர்களில் பெரும்பாலோர் காருக்குள்ளேயேதான் இரவைக் கழிக்கிறோம் என்பதையும், அதை மாற்ற அரசும் விடுதி உரிமையாளர்களும் பயணிகளும் செய்யக்கூடியவை என்ன என்பதையும் எழுத விரும்புகிறேன்.

விதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் 2023-இல் செய்யப்பட்ட திருத்தம், தங்கும் விடுதிகள் தம்மிடம் வரும் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்கு வளாகத்திலோ அருகிலோ படுக்கையும் கழிப்பறை, குளியலறை வசதியும் அளிக்க வேண்டும் என்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாள் பணி முடிந்து அடுத்த நாள் பணி தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும் என்றும், இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறையை முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆனால் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த அந்தச் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. சொந்தமாக ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவனுக்கும், இரண்டு வண்டி வைத்திருக்கும் டிராவல்ஸில் பேட்டாவுக்கு ஓட்டுகிறவனுக்கும் அதனால் பயன் இருந்ததில்லை. மலைக்கு வருகிறவர்களில் இவர்களே அதிகம்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்றால், பயணிகளையும் பெட்டிகளையும் இறக்கிய கையோடு காவலாளி வந்து, "டிரைவர் தங்க இடம் இல்லை, வண்டியை மட்டும் ஓரமாகப் போடுங்க" என்பார். இடம் இருக்கிறது என்று சொன்ன ஒரு விடுதியில் எனக்குக் காட்டப்பட்டது, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மாடிப்படிக்கு அடியில், பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்த இடம். வாளியும் குழாயும் வெளியே. அங்கே படுப்பதைவிடக் கார் மேல் என்று திரும்பிவிட்டேன். நல்ல அறை கொடுக்கும் விடுதிகள் இல்லாமல் இல்லை, அவற்றை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்துக்கொள்கிறோம். ஆனால் அறை கிடைத்தாலும், மறுநாளுக்குத் தேவைப்படாத பைகளைப் பயணிகள் வண்டியிலேயே விட்டுச் செல்வதால், அவற்றுக்குக் காவலாகக் காரிலேயே படுக்க வேண்டிய இரவுகளும் உண்டு.

காரில் படுப்பது ஒரு பழக்கம். அதற்கென்று சில வழிகள் இருக்கின்றன. குடும்பத்தோடு நெடுந்தூரம் சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சிறிய கார்களின் பின் இருக்கையில் ஐந்தரை அடி ஆள் கால் நீட்ட முடியாது. முழங்காலை மடக்கிப் படுத்தால் இரண்டு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் இடிக்காத முன்பக்க இடது இருக்கையே நல்லது. அதை முடிந்த மட்டும் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, இடுப்புக்கும் இருக்கைக்கும் நடுவில் விழும் பள்ளத்தில் துண்டை மடித்து வைத்து, காலுக்கடியில் ஒரு பையைப் போட்டுப் பாதத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும். பாதம் இரவெல்லாம் தொங்கிக்கொண்டே இருந்தால் காலையில் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிவிடும். எதிரெதிர்ப் பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டை விரல் அளவு இறக்கி வைத்தால் காற்று ஊடாடும். இல்லாவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்துப் போர்வை வரை நனைத்துவிடும். அந்த இடைவெளியில் கொசு வராமலிருக்க, கதவுச் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வலைத்திரை இப்போது கிடைக்கிறது. கொசுவர்த்திச் சுருளைக் காருக்குள் கொளுத்தி வைப்பது கூடவே கூடாது. நிறுத்தும் இடமும் முக்கியம். நெடுஞ்சாலை ஓரத்தில் போட்டுவிட்டுத் தூங்கினால், பின்னால் வரும் லாரி ஓட்டுநரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. வெளிச்சமும் கழிப்பறையும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்க் அல்லது சுங்கச்சாவடியை ஒட்டிய நிறுத்துமிடமே பாதுகாப்பு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். புகைக்குழாயில் ஓட்டையோ இணைப்பில் தளர்வோ இருந்தாலும், வண்டியின் பின்புறம் மண்மேட்டையோ சுவரையோ ஒட்டி நின்றாலும், அடித்தள நிறுத்துமிடத்தில் நின்றாலும், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்வதால், தூங்குகிறவர் மூச்சுத் திணறி விழித்துக்கொள்வார் என்று நம்ப முடியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் ஓட்டுநர் உட்பட இருவர் இறந்து கிடந்தார்கள். அந்த வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. புழுக்கமான இரவில் ஏ.சி. வேண்டும் என்று உடம்பு கேட்பது எனக்கும் தெரியும். படுப்பதற்கு முன் வண்டியை நன்றாகக் குளிரவைத்துவிட்டு என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மலையில் சிக்கல் வேறு விதமானது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகையில், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில், தகரமும் கண்ணாடியுமான காருக்குள் இருக்கும் வெப்பம் நள்ளிரவுக்குள் வெளியேறிவிடும். கீழே சமவெளியில் பருத்திப் போர்வையோடு கிளம்பி வந்த புது ஓட்டுநர்கள் அந்தக் குளிர் தாங்காமல் ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிடுகிறார்கள். சிலர் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே ஆபத்துதான். கம்பளிக் குல்லாயும் காலுறையும் உடம்புக்கு அடியில் ஒரு தடித்த விரிப்பும் ஹீட்டர் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடும், ஏனென்றால் குளிர் மேலிருந்து வருவதைவிட இருக்கைக்கு அடியிலிருந்தே அதிகம் ஏறுகிறது. விடிந்ததும் முன் கண்ணாடியில் படிந்த பனியை அகற்ற வெந்நீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள், கண்ணாடி விரிசல் விட்டுவிடும்.

உறக்கம் கெட்டால் அது ஓட்டுநரோடு முடிவதில்லை. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27. திம்பம் பாதையில் 2022 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை கார்கள் செல்லத் தடை இருப்பதால், நேரம் தவறி வருகிறவர்கள் அடிவாரத்தில் சோதனைச் சாவடி உள்ள பண்ணாரியிலேயே காத்திருந்து, காலையில் தடுப்பு திறந்த உடனே அந்த வளைவுகளில் ஏறத் தொடங்குகிறார்கள். வனவிலங்குகளுக்காகப் போடப்பட்ட அந்தத் தடை சரியானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சோதனைச் சாவடியருகே அத்தனை வண்டிகள் நிற்கும் என்று தெரிந்த பின்னும், பத்துப் படுக்கைகளும் சுத்தமான கழிப்பறையும் கொண்ட ஒரு கூடம் அங்கே ஏன் கட்டப்படக் கூடாது என்று கேட்கிறேன். லாரி ஓட்டுநர்களுக்காக நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் ஓய்வு இல்லங்களை மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. அதே யோசனையை மலையடிவாரங்களுக்கும் விரிவாக்கலாம்.

விடுதிகளைப் பொறுத்தவரை, மேற்சொன்ன திருத்தம் கட்டட விதியாக இருப்பதால், வரைபடத்தில் ஓட்டுநர் அறையைக் காட்டி அனுமதி வாங்கிய பின் அதைச் சரக்கு அறையாக மாற்றிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்பதே என் கவலை. சீசன் தொடங்கும் முன் நகராட்சி அலுவலர்கள் சமையலறையைச் சோதிப்பது போல இந்த அறையையும் திறந்து பார்த்து, படுக்கைகளை எண்ணி, குழாயைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இடமே இல்லாத பழைய விடுதிகள் நாலைந்து சேர்ந்து பொதுவாக ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களையும் சமுதாயக் கூடங்களையும் ஏப்ரல், மே மாதங்களில் இரவுக்கு மட்டும் திறந்துவிட நகராட்சிகள் முன்வரலாம். இலவசமாகத்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பேட்டாவில் கட்டுப்படியாகிற தொகை என்றால் கொடுத்துவிட்டுப் படுப்போம்.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அறை பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போது, காலை உணவு உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் கேட்கிறவர்கள், ஓட்டுநருக்குப் படுக்கையும் குளியலறையும் உண்டா என்றும் கேட்கட்டும். காலையில் குளிக்க இடமின்றிப் பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வந்து நிற்கும் ஓட்டுநரைப் பற்றி, வண்டிக்குள் வாடை அடிக்கிறது என்று டிராவல்ஸுக்குப் புகார் சொல்லும் வாடிக்கையாளர்கள், அவர் எங்கே படுத்திருந்தார் என்று முந்தைய இரவே ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். நாங்கள் கேட்டால் காவலாளியிடமிருந்தே பதில் வந்துவிடும். அறை எடுக்கிறவர்கள் கேட்டால் மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
சுற்றுலா வாகன ஓட்டுநர் ஒருவர்,
மதுரை.