அப்பா பஸ்ஸில்தான் போவார்

ரோஸ்ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள செந்திலுக்கு,

நாங்கள் நலம். நீயும் மருமகளும் குட்டியும் நலமா? போனில் நீ பேசப் பேச நான் வெறும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்ன பதில் சொல்வது? அதனால்தான் இந்தக் கடிதம். "தடி ஊன்றி நடக்கிற அப்பாவை இனிமேல் பஸ்ஸில் ஏற விடாதே, டாக்சிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன்" என்றாய். அனுப்பாதே. அப்பா பஸ்ஸில்தான் போவார்.

நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோதுதான், 2005-ல், மாணவர்களுக்கும் அறுபது வயதானவர்களுக்கும் பஸ் இலவசம் என்று வந்தது. உனக்கு டிக்கெட் காசு மிச்சம். அதையும் கத்தோ பிமான் மிளகாய் வடை வாங்கித் தின்றே தீர்த்தாய். தாத்தா என்ன செய்தார் தெரியுமா? சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போர்ட் லூயிஸ் போனார். எதற்கு என்றால் எதற்குமில்லை. மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு கட்டுக் கொத்தமல்லியோடு வந்து சேர்ந்தார். பென்ஷன் காசை எண்ணி எண்ணிச் செலவழித்த மனிதர், அதற்குப் பிறகு வீட்டில் தங்கினால்தானே!

அப்பாவும் அவர் பிள்ளைதான். டாக்சி என்றால் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு வீடு. ஸ்டாண்டில் பேரம் பேச வேண்டும், திரும்பி வர எத்தனை நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பழைய சிநேகிதர் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்கு எவனாவது டாக்சி வைப்பானா? நீ பணம் கொடுத்தாலும் அவர் வைக்க மாட்டார். "சும்மாதானே, அப்புறம் பார்க்கலாம்" என்று நாற்காலியிலேயே இருந்துவிடுவார். பஸ் என்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார், அவ்வளவுதான்.

கஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. கஷ்டம் காசில் இல்லை, படியில் இருக்கிறது. இங்கே ஓடுகிற பஸ்களில் பாதி நம் எண்ணூரில் செய்கிற லேலண்டு சாதி. லாரிக்கு மேல் பெட்டி வைத்த மாதிரி உயரம். காரைக்காலில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஏறிய அதே படி, கடல் தாண்டி என் பின்னாலேயே வந்துவிட்டது போல! தளம் கொஞ்சம் தாழ்ந்த புது பஸ்களும் வந்திருக்கின்றன. ஆனால் எது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வருவதில் ஏற வேண்டியதுதான்.

காண்டோஸ் ஆஸ்பத்திரியில் பிசியோ சொல்லிக்கொடுத்த பெண் ஒரு வழி காட்டினாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில். பஸ் வந்து நின்றதும் அப்பா தடியை என் கையில் கொடுத்துவிடுவார். வலது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை மேல் படியில் வைத்து, ஒரு மூச்சு எடுத்து, இடது காலை இழுத்துப் பக்கத்தில் கொண்டு வருவார். ஒரு படியில் இரண்டு காலும் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி. அதுவரை நான் பின்னால் நிற்பேன். இடுப்பைத் தொட்டால் கோபம் வரும், அதனால் கையை மட்டும் நீட்டி வைத்திருப்பேன். உள்ளே ஏறியதும் கண்டக்டர் மற்றவர்களைப் பார்த்து "அவான்ஸே, அவான்ஸே", முன்னே போங்கள் என்று விரட்டுவார். அப்பாவிடம் மட்டும் "மெதுவா மாமா" என்கிற பாவனையில் கையைக் காட்டுவார். முன் சீட்டில் எந்தப் பையன் இருந்தாலும் எழுந்துவிடுவான். அப்பா உட்கார்ந்த பிறகுதான் மணி அடிக்கும். எல்லா கண்டக்டரும் இப்படி இல்லை, நம் ரூட்டில் இருக்கிறவர் நல்ல மனிதர்.

நிற்காமல் போகிறவர்களும் உண்டு. ஸ்டாப்பில் தலை நரைத்தவர்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்களுக்குக் கண் தெரியாது. டிக்கெட் வாங்காத ஆட்கள், ஏறவும் நேரமாகும், இரண்டு குற்றம்! எங்களுக்கான காசை அரசாங்கம் கம்பெனிகளுக்குக் கொடுக்கத்தான் செய்கிறது. நான் இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோ வேலைக்குப் போகிற பெண்களோ நிற்கிற ஸ்டாப்பாகப் பார்த்துத்தான் அப்பாவை நிறுத்துகிறேன். அவர்களுக்காகவாவது நிற்பான் அல்லவா?

மெட்ரோவில் இந்தத் தொல்லை இல்லை. பிளாட்பாரமும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு நேராக உள்ளே நடந்து போகிறார், என் உதவி வேண்டியதில்லை. அதனாலேயே மெட்ரோவில் என்னைக் கண்டுகொள்வதில்லை, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறார். பழைய ரயில் ஓடிய தடத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் போகிறது. ஆட்களை ஏற்றிய ரயில் 1956-ல் நின்றுபோனது, தாத்தா அதில் போனதைக் கதை கதையாகச் சொல்வாரே. மெட்ரோ முதலில் ரோஸ்ஹில் வரைக்கும்தான் வந்தது. 2022-ல் கியூர்பிப் வரைக்கும் போய்விட்டது.

மெட்ரோவால் ரொம்பப் பிழைத்தது மேல்வீட்டு அக்காவின் மகன்தான். சக்கர நாற்காலியை விட்டு இறங்க முடியாதவன். மாற்றுத்திறனாளி என்று பஸ் பாஸ் வைத்திருக்கிறான். என்ன பிரயோஜனம்? அந்தப் படியில் நாற்காலியை யார் தூக்கி வைப்பது? பாஸ் பர்ஸிலேயே கிடந்தது. இப்போது மெட்ரோவில் நாற்காலியோடு தானே ஏறி கியூர்பிப் போகிறான், குளிர்கிறது என்று சொல்லித் திரும்பி வருகிறான். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும்தான் பாடு. நம் தெருவை நீ மறந்திருக்க மாட்டாய். நடைபாதை கொஞ்ச தூரம் இருக்கும், அப்புறம் சாக்கடை, அப்புறம் எவனோ கார் நிறுத்தியிருப்பான். நாற்காலியை நடுரோட்டில்தான் தள்ள வேண்டும், பின்னாலேயே மோட்டார்சைக்கிள் ஹாரன். அவன் தம்பி வேலைக்குப் போகாத நாளில்தான் இவன் வெளியே வர முடிகிறது. கோடிக்கணக்கில் மெட்ரோ போட்டார்கள், சந்தோஷம். வாசலிலிருந்து அதுவரை போகிற வழியை யார் போடுவது?

அப்பா விஷயத்தில் எனக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு, பயப்படாதே. தனியாக என்றால் மெட்ரோ மட்டும். பஸ் என்றால் நான் கூட வருவேன். மழை என்றால் வீடு. இருட்டினால் பஸ் குறைந்துவிடும், அதற்குள் திரும்பிவிட வேண்டும். ராத்திரியில் ஏதாவது அவசரம் என்றால் டாக்சிதான், அதற்கு எங்களிடம் பணம் இருக்கிறது.

காவடிக்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கிறார். கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்குப் போயே தீருவாராம். அன்றைக்கு இருக்கிற கூட்டத்தில் தடி ஊன்றவே இடம் கிடைக்காது. கூட்டம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் போனில் அதையே சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

டாக்சிப் பணத்துக்குப் பதிலாக ஒன்று அனுப்பு. கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர். தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, ஈரமான பஸ் தரையில் வழுக்குகிறது. இங்கே கிடைத்தது சீக்கிரம் பிளந்துபோகிறது. தடியின் நுனி 19 மில்லிமீட்டர், அப்பாவே ஸ்கேல் வைத்து அளந்து சொன்னார். உள்ளே இரும்பு வளையம் வைத்ததாகப் பார்த்து நாலைந்து வாங்கி, அடுத்த மாதம் இங்கே வருகிற உன் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பு. கறுப்பு நிறமே போதும்.

அன்புடன்,
அம்மா