ஆடுபவர் யார் என்று எழுதுங்கள்: இ-ஸ்போர்ட்ஸ் கால்பந்துக்கு முன்னோட்டம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் விளையாட்டுச் செய்தி எழுதும், தொகுக்கும், வெளியிடும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

இ-ஸ்போர்ட்ஸுக்கும், அதாவது வீடியோ கேமாகத் திரையில் போட்டியிட்டு ஆடப்படும் கால்பந்துக்கும் தமிழில் முன்னோட்டம் எழுத ஆள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நான் இந்த ஆட்டத்தை விரும்பிப் பார்ப்பவன். ஆனால் நான் படிக்கும் முன்னோட்டங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு பரம எதிரி கிளப்களின் பெயர், அவற்றின் பழைய பகை, நிஜ மைதானத்தில் கடைசி ஐந்து ஆட்டங்களின் முடிவு, யாருக்கு முழங்காலில் காயம், எந்த ஸ்டிரைக்கர் நல்ல ஃபார்மில் இருக்கிறார், அப்புறம் 'வெல்லப்போவது யார்?' என்ற கேள்வி. எல்லாம் இருக்கிறது. கன்ட்ரோலரைக் கையில் பிடிக்கப்போகிறவர் மட்டும் இல்லை. அவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். வெர்டர் பிரேமனும் ஹாம்பர்க்கும் மோதினால் அதை நோர்ட்டெர்பி, அதாவது வடக்கின் டெர்பி (அண்டை எதிரிகளின் மோதல்) என்பார்கள். வடக்கே இருக்கும் இரண்டு துறைமுக நகரங்கள், பல தலைமுறைப் பகை. 2018-19 பருவத்தில் ஹாம்பர்க் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்ததால், லீகில் அந்த டெர்பியே இல்லாமல் போனது. அதே பருவத்தில்தான் ஜெர்மன் லீகின் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியான விர்ச்சுவல் பண்டெஸ்லிகாவின் கிளப் சாம்பியன்ஷிப் தொடங்கியது. முதல் பிரிவுக் கிளப்புகளும் இரண்டாம் பிரிவுக் கிளப்புகளும் ஒரே பட்டியலில், மொத்தம் 22 கிளப். பயர்ன் மூனிக்கும் டார்ட்மண்டும் அதில் சேரவே இல்லை. அதைவிட முக்கியம், அங்கே திரையில் ஓடும் எல்லாக் கால்பந்து வீரர்களுக்கும் கேம் தரும் ஒட்டுமொத்தத் திறன் மதிப்பு 85 என்று சமப்படுத்தப்பட்டது. முதல் பிரிவின் நட்சத்திரத்துக்கும் 85, இரண்டாம் பிரிவில் பெயர் தெரியாத டிஃபெண்டருக்கும் 85.

இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டாலே வழக்கமான முன்னோட்டத்தில் பாதியை அடித்துவிடலாம். 'பிரேமனின் முன்வரிசை பலமானது', 'ஹாம்பர்க்கின் தற்காப்பு தடுமாறுகிறது' என்பதெல்லாம் அந்தத் திரையில் செல்லாது. மிஞ்சுவது அந்தந்தக் கிளப்புக்காக உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான். பிரேமனுக்கு அன்று இருந்தவர்கள் 'மோஅவுபா' என்று அழைக்கப்படும் முகமது ஹார்கூஸ், 'மெகாபிட்' என்கிற மிக்கேல் பிட்னர். ஒரு ஆட்டம் பிளேஸ்டேஷன் கான்சோலில் (கேம் ஆடும் கருவி), ஒன்று எக்ஸ்பாக்ஸ் கான்சோலில், இன்னொன்று இருவரும் சேர்ந்து ஒரே அணியை இயக்கும் இரட்டையர் ஆட்டம். இந்த மூன்றின் புள்ளிகளையும் கூட்டித்தான் மோதலின் முடிவு. அந்த முதல் பட்டத்தைப் பிரேமன் வென்றது. வென்று கொடுத்தது கிளப்பின் பழம்பெருமை இல்லை, இவர்கள் இருவரும்.

அதே 2019 ஆகஸ்டில் லண்டனில் நடந்த ஃபிஃபா இ-உலகக் கோப்பை இறுதிப் போட்டி இன்னும் நல்ல பாடம். ஹார்கூஸ் பிளேஸ்டேஷன்காரர். எதிரே உட்கார்ந்தவர் முந்தைய ஆண்டின் சாம்பியன், சவூதியின் மொசாத் அல்தோசரி. அவர் எக்ஸ்பாக்ஸ்காரர். இறுதிப் போட்டியோ இரண்டு லெக், அதாவது இரண்டு ஆட்டம், ஒவ்வொரு கான்சோலிலும் ஒன்று. யாருக்கு எந்தக் கன்ட்ரோலர் கையோடு ஒட்டியது, பழக்கமில்லாத கான்சோலில் யார் கோல் வாங்காமல் தாங்குவார் என்பதுதான் அந்த ஆட்டத்துக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி. மொத்தக் கணக்கில் 3-2 என்று ஹார்கூஸ் வென்றார். இரண்டு கான்சோலுக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல் வித்தியாசம். இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தால், வீடியோ கேம் தொடாத என் அப்பா வயதுக்காரரும் இருக்கை நுனிக்கு வந்திருப்பார். ஒரு முன்னோட்டம் செய்யவேண்டிய வேலை அதுதான்.

பகையைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஸ்பெயினில் லீக் நின்றபோது, செவில் நகரத்து டெர்பியும் நின்றது. ஆட்டம் நடக்கவேண்டிய அதே ஞாயிற்றுக்கிழமை நிஜக் கால்பந்து வீரர்களான ரியல் பெட்டிஸின் போர்ஹா இக்லேசியாஸும் செவியாவின் செர்ஹியோ ரெகிலோனும் ஃபிஃபா 20 வீடியோ கேமில் மோதினார்கள். ஸ்பெயினின் பிரபல ஸ்ட்ரீமர் இபாய் யானோஸ் வர்ணனை செய்ய, 60,000-க்கும் மேற்பட்டோர் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் பார்த்தார்கள். 6-5 என்று பெட்டிஸ் வென்றது. இக்லேசியாஸ் திரையில் இருந்த தன்னுடைய உருவத்தை வைத்தே வெற்றி கோலை அடித்தார். வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நகரத்துக்கு அந்தப் பகை அன்று எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! அங்கே பகைதான் செய்தி, ஏனென்றால் ஆடிய இருவரும் அந்தப் பகைக்குள்ளேயே வாழ்ந்தவர்கள்.

முழுநேர இ-ஸ்போர்ட்ஸ் வீரருக்கு அப்படி இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீகின் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியான இ-பிரீமியர் லீகின் முதல் பட்டத்தை 2019-இல் லிவர்பூலுக்கு வென்று தந்த 'டெக்ஸ்' டோனோவன் ஹன்ட் பின்னாளில் மான்செஸ்டர் சிட்டியின் உடை அணிந்தார். அவர் ஆடும் ஆட்டத்துக்கு இரண்டு நகரங்களின் பகையை மட்டும் வைத்து முன்னோட்டம் எழுதினால் வாசகருக்கு என்ன கிடைக்கும்? அவர் எந்த ஃபார்மேஷனில் (வீரர்களை நிறுத்தும் அமைப்பில்) தொடங்குவார், ஒரு கோல் பின்தங்கினால் எப்படி மாற்றுவார், தற்காப்பில் டிஃபெண்டரைத் தானே நகர்த்துவாரா அல்லது கணினியிடம் விட்டுவிட்டு நடுக்களத்தில் காத்திருப்பாரா என்பதைச் சொன்னால் ஏதாவது கிடைக்கும். ஒரு பாதிக்கு ஆறே நிமிடம் ஓடும் ஆட்டத்தில் ஒரு கோல் முன்னிலை பெரிய சொத்து. அதைப் பந்தைச் சுற்றிச் சுற்றிப் பாஸ் செய்தே காப்பாற்றுகிறவர்களும் உண்டு, அடுத்த கோலுக்குப் பாய்கிறவர்களும் உண்டு. இப்படி இரு குணங்கள் எதிரெதிரே உட்காரும்போது நிஜமான மோதல் அங்கே பிறக்கிறது.

விதிகளையும் சொல்லுங்கள். 2020 ஏப்ரலில் இ-பிரீமியர் லீக் அழைப்புப் போட்டியின் இறுதியில் நிஜக் கால்பந்து வீரர்களான வுல்வ்ஸின் டியோகோ ஜோட்டாவும் லிவர்பூலின் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் ஆடினார்கள். ஜோட்டா 2-1 என்று வென்றார், அதுவும் கோல்டன் கோலில். நிஜக் கால்பந்து எப்போதோ கைவிட்ட விதி அது. கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று முன்பே தெரிந்திருந்தால், பார்ப்பவர் ஒவ்வொரு பாஸையும் வேறு கண்ணால் பார்ப்பார். சில மாதங்களில் ஜோட்டா லிவர்பூலுக்கே போய் அதே டிரென்டுடன் ஒரே அணியில் ஆடினார். இந்த ஆட்டத்தின்மீது அவருக்கு இருந்த காதல் விளம்பரத்துக்கானது இல்லை. சொந்தமாக ஒரு இ-ஸ்போர்ட்ஸ் அணியே நடத்தினார். 2025 ஜூலையில் கார் விபத்தில் அவர் போனபோது மைதானத்து ரசிகர்களோடு கன்ட்ரோலர் பிடித்தவர்களும் அழுதார்கள்.

எந்த கேம் என்பதையும் தலைப்புக்கு அருகிலேயே எழுதுங்கள். கேமை உருவாக்கும் ஈஏ நிறுவனமும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் பிரிந்த பிறகு, 2023 முதல் பழைய 'ஃபிஃபா' கேம் 'ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' ஆகிவிட்டது. ஃபிஃபா அமைப்போ கொனாமி நிறுவனத்தின் இ-ஃபுட்பால் என்ற கேமுக்குப் போனது. 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த ஃபிஃபா-இ உலகக் கோப்பையில் இ-ஃபுட்பால் கான்சோல் பட்டத்தை இந்தோனேசியா வென்றது, மொபைல் பட்டத்தை மலேசியாவின் 'மின்பாப்பே' வென்றார். நிஜக் கால்பந்தில் உலகக் கோப்பையை நெருங்கவே திணறும் நாடுகள் இங்கே உச்சியில் இருக்கின்றன. கிளப் பெயரையும் நாட்டின் பெயரையும் வைத்துக் கணிப்பவர் இந்த உலகத்தைத் தவறவிடுகிறார். ஒரு கேமில் கெட்டிக்காரர் இன்னொரு கேமிலும் அப்படியே ஆடுவார் என்றும் சொல்ல முடியாது. பருவத்தின் நடுவில் ஒரு பேட்ச் (கேமை மாற்றும் மென்பொருள் திருத்தம்) வந்து, நேற்றுவரை கோல் விழுந்த ஷாட் இன்று விழாமல் போவதும் உண்டு.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன்.

'மெய்நிகர் கால்பந்து' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஓடுகின்றன. ஒன்று, மேலே சொன்ன இ-ஸ்போர்ட்ஸ்: பெயர் தெரிந்த ஆட்கள், அறிவிக்கப்பட்ட லீக். இரண்டாவது, சூதாட்டத் தளங்களுக்காகவே நாள் முழுக்க அடுத்தடுத்து நடத்தப்படும் எட்டு நிமிட, பன்னிரண்டு நிமிட ஆட்டங்கள். கிளப்பின் பெயர் பெரிதாக இருக்கும், ஆடுபவருக்கு ஒரு புனைபெயர் மட்டும் இருக்கும். மூன்றாவதில் ஆளே இல்லை. கணினி தற்செயல் எண்களை எடுத்து முடிவைத் தீர்மானிக்கும், அதற்குப் பொருத்தமாக ஒரு அனிமேஷன் ஓடும். அதில் ஃபார்ம் கிடையாது, வரலாறு கிடையாது, நேற்றைய முடிவுக்கும் இன்றைய முடிவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அதற்கு 'கடைசி ஐந்து மோதல்கள்' என்று அட்டவணை போட்டு முன்னோட்டம் எழுதுவது, லாட்டரிச் சீட்டுக்கு ஜாதகம் பார்ப்பது போன்றது. படிக்கும் பையன் அந்த அட்டவணையை நம்பிப் பணம் கட்டுவான்.

நம் மாநிலத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளை உங்கள் பக்கங்களிலேயே வெளியிட்டிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் இதை ஆராய நீதிபதி சந்துரு குழு அமைந்தது, தமிழ்நாட்டின் தடைச் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்கிறது, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது, அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்கிறது. பந்தய விகிதத்தோடு முடியும் ஒரு முன்னோட்டம் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று உங்கள் செய்தி அறையில் ஒருமுறை பேசுங்கள். ஆடுபவர் யார் என்று ஒரு வரி எழுத முடியாத ஆட்டத்துக்கு முன்னோட்டமே வேண்டாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டாலே இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் தானாகக் கழிந்துவிடும்.

எழுதத் தகுந்தவை நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துக் கிளப்புகளுக்கான இ-ஐ.எஸ்.எல். போட்டி 2021-இல் தொடங்கியது. சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் என்ற பெயர்கள் திரையில் வந்தாலே இரண்டு மாநிலத்திலும் கேலியும் சவாலும் கிளம்பிவிடும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் எஃப்சி ஆன்லைன் என்ற கால்பந்து கேம் பிரிவில் சரண்ஜோத் சிங்கும் கர்மன் சிங் டிக்காவும் இந்தியாவுக்காக ஆடினார்கள். பதக்கப் பட்டியலில் முதன்முறையாக இ-ஸ்போர்ட்ஸ் சேர்ந்த போட்டி அது. அவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று தமிழில் ஒரு நல்ல கட்டுரையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேரமில்லை, ஆள் இல்லை என்பீர்கள். சரி, அது உண்மைதான். ஆனால் லீகின் விதிப் பக்கத்தைப் படிக்கவும், இரு வீரர்களின் முந்தைய ஆட்டத்தின் வீடியோவை ஓடவிடவும், முடிந்தால் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேட்கவும் ஒரு மாலை போதும். இந்த வீரர்களில் பலர் இருபதைத் தாண்டாத பிள்ளைகள். பேசச் சொன்னால் தன் ஃபார்மேஷனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள்: யார் ஆடினார், எந்த கேம், எந்தக் கான்சோல், நேரிலா ஆன்லைனிலா, லேக் (இணையத் தாமதம்) இருந்ததா, கோல்கள் எப்படி விழுந்தன. தமிழில் அப்படி ஒரு பதிவு சேர்ந்தால், அடுத்த டெர்பிக்கு முன்னோட்டம் எழுதும் உங்கள் இளம் நிருபர் 'கடைசி ஐந்து மோதல்கள்' என்று தைரியமாக எழுதலாம்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுப் பக்கத்தை விடாமல் படிக்கும் ஒரு வாசகன்